மாட்யூல்கள் கருகாமல் மின்சாரம் கொடுப்பது எப்படி: சிறு ரோபோவுக்கான முழுமையான வழிகாட்டி

வேலை செய்துகொண்டிருக்கும்போது செத்த மாட்யூலை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவை ஸ்விட்சைப் போட்ட முதல் நொடியில் போகின்றன. அல்லது அணைத்த கடைசி நொடியில். அல்லது "இந்த ஒரு வயரை மட்டும் மாற்றிவிடுகிறேன்" என்று யாராவது கை நீட்டிய நேரத்தில். இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட்டுகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலையில் எனக்குப் படிந்த பாடம் இது. அதனால் இந்த வழிகாட்டி புரோகிராம் பற்றி அதிகம் பேசாது. எதற்கு முதலில் மின்சாரம், எதற்குக் கடைசியில், ஏன் என்பதே இங்கே பேச்சு.

உதாரணத்துக்கு ஒரு சிறு ரோபோவை எடுத்துக்கொள்வோம். சக்கரங்களுக்கு இரண்டு 12 வோல்ட் கியர் மோட்டார்கள். அவற்றை ஓட்ட எல்298என் டிரைவர் பலகை. கைக்கு இரண்டு எம்ஜி996ஆர் சர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார். நான்கு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) உள்ள ஒரு பலகை, தூரம் அளக்க எச்சி-எஸ்ஆர்04 உணரி, எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் மூளையாக ஒரு இஎஸ்பி32. மேசையில் சோதிக்கும்போது 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் மின்வழங்கி.

1. கடைக்குப் போகும் முன் கணக்கு

எஸ்எம்பிஎஸ் வாங்கிவிட்டுக் கணக்குப் போடுவது வழக்கமான தவறு. ஒவ்வொரு மாட்யூலும் சாதாரணமாக எடுக்கும் மின்னோட்டத்தை எழுதாதீர்கள். அது சிக்கிக்கொண்டு திணறும்போது எடுப்பதை எழுதுங்கள். மோட்டார் ஓடத் தொடங்கும் அந்தக் கணத்தில் எடுப்பதும் அதே அளவுதான். ஆகவே திணறல் கணக்கு ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் நடப்பது.

மோட்டாரின் திணறல் மின்னோட்டம் பெட்டியில் எழுதியிருக்காது. மல்டிமீட்டரால் அதன் இரு முனைகளுக்கிடையே மின்தடையை அளங்கள். தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி நான்கைந்து இடங்களில் அளந்து, மிகக் குறைந்த எண்ணை எடுங்கள். மீட்டர் வயரின் சொந்த மின்தடையைக் கழிக்க மறக்க வேண்டாம். 6 ஓம் வந்தால், 12 வோல்ட்டில் திணறல் 2 ஆம்பியர். இரண்டு மோட்டாருக்கு 4.

எம்ஜி996ஆர் ஒன்று 6 வோல்ட்டில் திணறினால் 2.5 ஆம்பியர் எடுக்கும். 5 வோல்ட்டில் சற்றுக் குறையும். கணக்கில் குறைக்க வேண்டாம். இரண்டுக்கு 5 ஆம்பியர், அதாவது 25 வாட். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட் பக்கத்தில் சுமார் 2.5 ஆம்பியர். இஎஸ்பி32-க்குத் தயாரிப்பாளர் கேட்பது குறைந்தது அரை ஆம்பியர். வைஃபை அனுப்பும் நொடிகளில் அது திடீரென்று எடுக்கும் என்பதால் இந்த அளவு. 5 வோல்ட் ரிலே ஒன்று 70 மில்லிஆம்பியர். நான்குக்கு ஏறத்தாழ 0.3. இவையெல்லாம் 12 வோல்ட் பக்கத்தில் அரை ஆம்பியருக்குள் அடங்கிவிடும்.

மொத்தம் 7 ஆம்பியர். எல்லாம் ஒரே நேரத்தில் திணறாது என்று வாதிடலாம். சக்கரம் சுவரில் மோதிய நொடியில் கையும் சிக்கிக்கொள்வதைப் பார்த்தவன் நான். 10 ஆம்பியர் வாங்குங்கள். விலை வித்தியாசம் ஒரு சர்வோவின் விலையை விடக் குறைவு.

2. கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர். ஃப்யூஸ்களும் அவற்றின் தாங்கிகளும்: கார்களில் வரும் பிளேடு வகை 5 மற்றும் 3 ஆம்பியர், கண்ணாடி வகை 1 ஆம்பியர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், சிவப்பும் கறுப்பும். 8 ஆம்பியர் எக்ஸ்எல்4016 கன்வெர்ட்டர் ஒன்று, 3 ஆம்பியர் எல்எம்2596 கன்வெர்ட்டர் ஒன்று. 470 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் மின்தேக்கிகள். 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் ஒரு கைப்பிடி, 47 கிலோ ஓம் ஒன்று, 10 ஓம் 5 வாட் ஒன்று. 1என்4007 டையோடு ஒன்று. ஸ்விட்சுகள் இரண்டு, அவசர நிறுத்தப் பொத்தான் ஒன்று. வண்டிக்கு வைக்கும் 12 வோல்ட் ரிலே ஒன்று. கடைசியாக, பைக் இண்டிகேட்டரில் வரும் 12 வோல்ட் 10 வாட் பல்பு ஒன்று, அதன் ஹோல்டருடன். பல்பு எதற்கு என்பது ஆறாம் பகுதியில்.

3. ஒரே கம்பியில் எல்லாவற்றையும் கோக்காதீர்கள்

12 வோல்ட்டை மூன்று கிளைகளாகப் பிரியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் முனையிலிருந்தே பிரிய வேண்டும். பாதி வழியில் அல்ல.

முதல் கிளை மூளைக்கு: எல்எம்2596 வழியாக 5 வோல்ட். இதில் இஎஸ்பி32, ரிலே பலகை, உணரி, எல்298என்-இன் 5 வோல்ட் முனை ஆகியவை வரும். 1 ஆம்பியர் ஃப்யூஸ். இரண்டாம் கிளை மோட்டாருக்கு: 12 வோல்ட் நேராக, 5 ஆம்பியர் ஃப்யூஸ். மூன்றாம் கிளை சர்வோக்களுக்கு: எக்ஸ்எல்4016 வழியாக 5 வோல்ட், 3 ஆம்பியர் ஃப்யூஸ்.

எல்எம்2596 மூன்று ஆம்பியர் தரும் என்று எழுதியிருக்கிறதே, சர்வோவையும் அதிலேயே போட்டால் என்ன என்று கேட்பார்கள். சர்வோ உதறும் நேரத்தில் அந்த 5 வோல்ட் 4-க்கு இறங்கும். இஎஸ்பி32 பலகையில் இருக்கும் ரெகுலேட்டருக்கு 3.3 தருவதற்கு மேலே ஒரு வோல்ட்டுக்கு மேல் இடைவெளி வேண்டும். அது கிடைக்காதபோது மூளை மயங்கி விழுந்து மறுபடி எழும். எழுந்ததும் புரோகிராம் சர்வோவை மறுபடி ஆட்டும், மறுபடி மயக்கம். இந்தச் சுழலைப் பார்த்துவிட்டு, "கோடில் தவறு" என்று இரண்டு நாள் தேடியவர்கள் உண்டு.

ஃப்யூஸ் மாட்யூலைக் காப்பாற்றாது. சிப் அதற்கு முன்பே போய்விடும். வயர் உருகித் தீப்பிடிக்காமல் காப்பதே அதன் வேலை. அதனால்தான் அது கிளையின் தொடக்கத்தில் இருக்க வேண்டும். பேட்டரிக்கு மாறும் நாளில் பேட்டரியின் நேர்முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் முதன்மை ஃப்யூஸ் ஒன்றும் வைத்துவிடுங்கள்.

சர்வோவுக்கும் மோட்டாருக்கும் மெல்லிய ஜம்பர் வயர்களைப் போடாதீர்கள். 20 சென்டிமீட்டர் மெல்லிய வயர், போக வர, 2.5 ஆம்பியரில் 0.2 வோல்ட்டைத் தின்றுவிடும். முனைகளின் தளர்ச்சி அதற்கு மேல். பிரெட்போர்டின் உள்ளே இருக்கும் கவ்விகள் 1 ஆம்பியருக்கு மேல் தாங்குபவை அல்ல. உருகிய பிரெட்போர்டு ஒன்றை என் மேசையில் காட்சிப் பொருளாகவே வைத்திருக்கிறேன்.

4. கிரவுண்ட்: முதலில் சேர்வது, கடைசியில் பிரிவது

மூன்று கிளைகளின் கறுப்பு வயர்களும் எஸ்எம்பிஎஸ்ஸின் எதிர்முனையில் சேர வேண்டும். அந்தப் பொது இடம்தான் கிரவுண்ட். மோட்டாரின் கறுப்பு வயரை இஎஸ்பி32 பலகை வழியாகக் கொண்டுபோகாதீர்கள். மோட்டாரின் 4 ஆம்பியர் அந்தப் பலகையின் மெல்லிய தடத்தில் ஓடினால், மூளை "பூஜ்யம்" என்று நினைக்கும் மட்டமே மேலும் கீழும் ஆடும்.

இதைவிடக் கொடியது கிரவுண்ட் இல்லாமல் சிக்னல் மட்டும் இணைந்திருப்பது. திரும்பிப் போக வழியில்லாத மின்னோட்டம் சிக்னல் வயர் வழியாகத் திரும்பப் பார்க்கும். ஆகவே இணைக்கும்போது வரிசை: கிரவுண்ட், பிறகு மின்சாரம், பிறகு சிக்னல். கழற்றும்போது தலைகீழ். இவையெல்லாம் மின்சாரம் அணைந்த நிலையில்தான் என்றாலும் கை இந்த வரிசைக்குப் பழகிவிட வேண்டும். பதற்றத்தில் கை தன் பழக்கப்படிதான் போகும்.

230 வோல்ட் பக்கத்தைப் பற்றி ஒன்று. இரும்புக் கூண்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மூன்று முனை பிளக்கும் எர்த் இணைப்பும் கட்டாயம். எர்த் இல்லாவிட்டால் அதன் உடம்பைத் தொடும்போது சுருக்கென்று இருக்கும். உள்ளே இருக்கும் இரைச்சல் வடிகட்டி மின்தேக்கிகள் கசியவிடுவது அது. முனைகளின் மேல் வரும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள்.

5. கன்வெர்ட்டரைத் தனியாக வைத்து அளவு திருப்புங்கள்

புதிதாக வாங்கிய கன்வெர்ட்டர் 5 வோல்ட்டில் வராது. 12 கொடுத்தால் 11 வெளியே வரலாம். அதை அப்படியே இஎஸ்பி32-இல் மாட்டியவருக்கு அன்றைய தினம் அதோடு முடிந்தது.

வெளியீட்டில் எதையும் இணைக்காமல், உள்ளீட்டில் 12 வோல்ட் கொடுத்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே சிறிய திருகைத் திருப்புங்கள். அந்தத் திருகு பல சுற்றுகள் சுற்றும். பத்துச் சுற்று சுற்றியும் எண் அசையவில்லை என்றால் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இன்னும் சுற்றுங்கள், அல்லது எதிர்த்திசையில் சுற்றுங்கள். 5.1 வோல்ட்டில் நிறுத்துங்கள். வயரில் போகும் இழப்புக்கு அந்த 0.1.

பிறகு 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வெளியீட்டில் போட்டு, அரை ஆம்பியர் ஓடும்போதும் 5-க்குக் கீழே இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். சுமையில்லாமல் சரியாகக் காட்டிவிட்டுச் சுமையில் படுத்துவிடும் போலிகள் சந்தையில் நிறைய. நின்றால், திருகின் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வையுங்கள். பையில் போட்டு எடுத்துப்போகும்போது திருகு நகராது.

உள்ளீட்டில் நேர்முனை, எதிர்முனை மாறினால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பாதுகாப்பு கிடையாது. மின்தேக்கி வெடிக்கும். முதல் இணைப்பின்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

6. பல்பு சோதனை

எல்லாவற்றையும் இணைத்தாயிற்று. பிளக்கைச் செருகுவதற்கு முன், ஒவ்வொரு கிளையிலும் நேர்முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே மின்தடையை அளங்கள். எண் சிறியதாகத் தொடங்கி மெல்ல ஏறினால் மின்தேக்கி நிரம்புகிறது, நல்லது. ஓரிரு ஓம்களிலேயே நின்றுவிட்டால் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்து பைக் பல்பு. எஸ்எம்பிஎஸ்ஸின் நேர்முனைக்கும் உங்கள் மூன்று கிளைகள் பிரியும் இடத்துக்கும் நடுவே அதை வரிசையில் போடுங்கள். சர்வோக்களும் மோட்டார்களும் கழன்றிருக்கட்டும். ஸ்விட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் மின்னி அணைய வேண்டும். மின்தேக்கிகள் நிரம்பியதன் அடையாளம் அது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட். ஆனாலும் எதுவும் புகையவில்லை, பார்த்தீர்களா? 10 வாட் பல்பு 0.83 ஆம்பியருக்கு மேல் போகவிடாது. மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஆய்வக மின்வழங்கி சில ஆயிரம் ரூபாய். இந்தப் பல்பு வேலையில் பாதியைச் செய்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை: பல்பு இருக்கும்போது மோட்டாரை ஓட்டிப் பார்க்காதீர்கள். வோல்ட்டேஜ் சரிந்து, கன்வெர்ட்டர் எழுந்து விழுந்து எழும். அதைக் கோளாறு என்று நினைத்துக் குழம்புவீர்கள்.

7. ஒவ்வொன்றாக உயிர்கொடுங்கள்

பல்பை எடுத்துவிட்டு, மற்ற மாட்யூல்களையும் கழற்றிவிட்டு, முதலில் இஎஸ்பி32 மட்டும். 5 வோல்ட் முனையிலும் 3.3 வோல்ட் முனையிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அணையுங்கள். ரிலே பலகையைச் சேருங்கள். அளங்கள். அணையுங்கள். உணரி. இப்படியே.

சலிப்பான வேலைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக இணைத்துப் புகை வந்தால், ஆறு மாட்யூல்களில் எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும்.

எச்சி-எஸ்ஆர்04-இன் எக்கோ முனை 5 வோல்ட் அனுப்பும். இஎஸ்பி32-இன் முனைகள் 3.3 வோல்ட்டுக்கானவை. நடுவில் 1 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் (இரண்டு 1 கிலோ ஓம்களை வரிசையில் போட்டால் போதும்). 3.3 ஆகிவிடும்.

8. ஏற்றும் வரிசை: மூளை முதலில், தசை கடைசியில்

இந்த வழிகாட்டி எழுதப்பட்டதே இந்தப் பகுதிக்காக.

எல்298 சிப்பின் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) பலரும் படிக்காத ஒரு வரி இருக்கிறது: மோட்டார் மின்சாரத்தைப் போடும் முன்பும், அணைக்கும் முன்பும், மோட்டாரை ஓட அனுமதிக்கும் எனேபிள் முனை தாழ்நிலையில், அதாவது பூஜ்யம் வோல்ட்டில், இருக்க வேண்டும். ஆனால் கடையில் வாங்கும் எல்298என் பலகையில் என்ன இருக்கிறது? இரண்டு எனேபிள் முனைகளையும் 5 வோல்ட்டோடு நிரந்தரமாகச் சேர்க்கும் இரண்டு குட்டி ஜம்பர்கள், அதாவது ஊசிகளின் மேல் மாட்டும் தொப்பிகள். அவற்றைக் கழற்றாமல் ஓட்டுபவர்கள் ஒவ்வொரு முறையும் டேட்டாஷீட்டை மீறிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த இரண்டையும் கழற்றுங்கள். எனேபிள் முனைகளை இஎஸ்பி32-க்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். மூளை விழித்துக்கொள்ளும் வரை அதன் முனைகள் எந்த நிலையிலும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும். அந்த ரெசிஸ்டர்தான் அதுவரை எனேபிளைக் கீழே பிடித்துவைக்கும். இஎஸ்பி32-இல் 25, 26, 27, 32, 33 ஆகிய எண்கள் இதற்கு ஏற்றவை. 0, 2, 5, 12, 14, 15 வேண்டாம். இவற்றில் சில, தொடங்கும் நேரத்தில் தானாகவே சிக்னல் அனுப்பும். சில, எந்த நிலையில் இருக்கின்றன என்பதைப் பார்த்துத்தான் சிப் எப்படித் தொடங்குவது என்று முடிவுசெய்யும். 12-ஆம் முனையை மேலே இழுத்துவைத்துவிட்டு, "பலகை தொடங்கவே மாட்டேன் என்கிறது" என்று வந்தவர்கள் பலர்.

எல்298என் பலகையில் மூன்றாவதாக ஒரு ஜம்பர், உள்ளே இருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டருக்கானது. அதையும் கழற்றி, 5 வோல்ட்டை மூளைக் கிளையிலிருந்து கொடுங்கள். இல்லாவிட்டால் டிரைவரின் தர்க்கப் பகுதியும் மோட்டார் மின்சாரத்தோடு சேர்ந்தே விழித்துக்கொள்ளும். வரிசை என்ற பேச்சுக்கே இடமிருக்காது. ஜம்பரைக் கழற்றாமல் வெளியிலிருந்து 5 வோல்ட் கொடுத்தால் இரண்டு மின்வழங்கிகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

இப்போது இரண்டு ஸ்விட்சுகள் வையுங்கள். ஒன்று மூளைக் கிளைக்கு, மற்றது மோட்டார், சர்வோ கிளைகளுக்கு. முதல் ஸ்விட்சைப் போட்டு, இஎஸ்பி32 தொடங்கி, புரோகிராம் எனேபிள் முனைகளைத் தாழ்நிலையில் வைத்த பிறகே இரண்டாவது.

பொது விதி ஒன்று: மின்சாரம் இல்லாத மாட்யூலுக்குச் சிக்னல் அனுப்பாதீர்கள். அனுப்பினால் அந்த மாட்யூல் சிக்னல் முனைக்குள் இருக்கும் பாதுகாப்பு டையோடு வழியாகத் தனக்கு மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மாணவி தன் பலகையின் ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக எரிகிறது என்று காட்டினார். உணரியை அவர் சர்வோ கிளையில் இணைத்திருந்தார். எக்கோ வயர் வழியாக இஎஸ்பி32-க்குத் திருட்டு மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. மங்கலான எல்இடியைக் கண்டால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். சிப் அரை உயிரில் இருக்கிறது என்று பொருள்.

சர்வோவுக்கும் இதே விதி. இரண்டாம் ஸ்விட்சைப் போட்ட பிறகே சிக்னல். இரண்டு சர்வோக்களுக்கும் ஒரே கணத்தில் அனுப்பாமல் 300 மில்லிநொடி இடைவெளி விடுங்கள். இரண்டும் சேர்ந்து உதறாமல் ஒன்று முடித்ததும் மற்றது தொடங்கும்.

9. வரிசையை ரிலேயிடம் ஒப்படைப்பது

கையால் போடும் ஸ்விட்ச் ஒரு மாதம் வரை சரியாக நடக்கும். பிறகு செய்முறைத் தேர்வு நாளில் இரண்டும் மாறிப்போகும். ஆகவே இரண்டாம் ஸ்விட்சின் இடத்தில் வண்டி ரிலேயை வையுங்கள்.

ரிலே பலகையின் முதல் ரிலே, வண்டி ரிலேயின் சுருளுக்கு 12 வோல்ட் கொடுக்கட்டும். அந்தச் சுருளின் பாதையில் சிவப்புக் காளான் போன்ற அவசர நிறுத்தப் பொத்தானை வரிசையில் போடுங்கள். சுருளின் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு, அதன் கோடுள்ள முனை நேர்முனைப் பக்கம். சுருளை அணைக்கும்போது எழும் வோல்ட்டேஜ் துள்ளலை அது விழுங்கிக்கொள்ளும்.

புரோகிராமின் வரிசை: எனேபிள் தாழ்வு, ஒரு நொடி காத்திருப்பு, ரிலே, 300 மில்லிநொடி, மோட்டார் கிளையில் 12 வோல்ட் வந்துவிட்டதா என்ற சோதனை, பிறகுதான் எனேபிளும் சர்வோ சிக்னலும். அந்தச் சோதனைக்கு மோட்டார் கிளையிலிருந்து 47 கிலோ ஓம், கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் போட்டு, நடுப்புள்ளியை இஎஸ்பி32-இன் 34-ஆம் முனைக்குக் கொடுங்கள். 12 வோல்ட் அங்கே 2.1 ஆகத் தெரியும்.

இந்தச் சோதனையைப் பலர் வெட்டி வேலை என்று விட்டுவிடுகிறார்கள். அவசரப் பொத்தானை அழுத்துகிறீர்கள், மோட்டார் நிற்கிறது, மூளைக்கோ அது தெரியாது, "முன்னே போ" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பொத்தானை விடுவித்ததும் ரோபோ விரலை நசுக்கிக்கொண்டு பாயும். 34-ஆம் முனையில் வோல்ட்டேஜ் மறைந்தால் எனேபிளைத் தாழ்த்தி, சர்வோ சிக்னலையும் நிறுத்தி, மனிதர் ஒருவர் வேறொரு பொத்தானை அழுத்தும் வரை அப்படியே நிற்கும்படி எழுதுங்கள்.

மோட்டார் கிளையில் 470 மைக்ரோஃபாரட் போதும். அதிகமானால் நல்லதென்று 10,000 போட்டால், ரிலே மூடும் ஒவ்வொரு முறையும் பெரும் மின்னோட்டம் பாய்ந்து, ஒருநாள் அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட ரிலேயை அவசரப் பொத்தானாலும் பிரிக்க முடியாது.

10. இறக்கும் வரிசை

எனேபிள் தாழ்வு, சர்வோ சிக்னல் நிறுத்தம், சக்கரங்கள் நிற்கும் வரை காத்திருப்பு, ரிலே, கடைசியில் மூளை. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டர்; அது உண்டாக்கும் மின்சாரம் டிரைவர் வழியாக 12 வோல்ட் கிளைக்குள்ளேயே திரும்பி வரும்.

அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கும். மோட்டார் கிளையில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகக் குறுக்கே போட்டால் 470 மைக்ரோஃபாரட் இரண்டரை நொடியில் காலியாகிவிடும். அதன் பிறகே வயரில் கை வைக்கலாம். மூளையாக ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்கள் அதை முறையாக ஷட்டவுன் செய்துவிட்டே மின்சாரத்தை எடுக்க வேண்டும். இல்லையெனில் எஸ்டி கார்டில் இருப்பது குலையலாம்.

11. யுஎஸ்பி என்னும் பின்வாசல்

வரிசையெல்லாம் சரியாக வைத்துவிட்டு, புரோகிராம் ஏற்ற லேப்டாப்பைச் செருகுவார்கள். இப்போது இரண்டு 5 வோல்ட் மூலங்கள். நல்ல இஎஸ்பி32 பலகையில் யுஎஸ்பிக்கும் 5 வோல்ட் முனைக்கும் நடுவே ஒரு டையோடு இருக்கும். மலிவான நகல்களில் சிலவற்றில் இருக்காது.

தெரிந்துகொள்ள: எல்லாவற்றையும் கழற்றி, யுஎஸ்பியை மட்டும் செருகி, யுஎஸ்பியின் 5 வோல்ட்டுக்கும் பலகையின் 5 வோல்ட் முனைக்கும் உள்ள வித்தியாசத்தை அளங்கள். 0.2, 0.3 வோல்ட் குறைந்தால் டையோடு இருக்கிறது. குறையவில்லையென்றால் மூளைக் கிளையின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டே யுஎஸ்பி செருக வேண்டும். அப்போது ரிலே பலகையின் சுமையும் லேப்டாப்பின் தலையில் விழும். மோட்டார் கிளையை ஏற்றவே கூடாது.

12. கோளாறும் அதன் காரணமும்

இஎஸ்பி32 அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் திரையில் "பிரவுன்அவுட்" என்று வந்து மறுபடி மறுபடி தொடங்கினால் மூளைக் கிளையில் வோல்ட்டேஜ் சரிகிறது. வயரின் தடிமனையும் முனைகளையும் பாருங்கள், புரோகிராமைத் திறக்காதீர்கள்.

ஸ்விட்ச் போட்டதும் சக்கரம் ஒரு துள்ளு துள்ளினால் எனேபிளில் 10 கிலோ ஓம் இல்லை, அல்லது தவறான முனையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

ஃப்யூஸ் தொடர்ந்து போனால் பெரிய ஃப்யூஸ் போடும் ஆசை வரும். பைக் பல்பை மறுபடி எடுங்கள். மோட்டார் வயரைக் கழற்றி, டிரைவரை மட்டும் வைத்துச் சோதியுங்கள். பல்பு எரிந்துகொண்டே இருந்தால் டிரைவர் போய்விட்டது. அணைந்தால் மோட்டாரிலோ அதன் வயரிலோ ஷார்ட். மோட்டாரின் ஒவ்வொரு முனைக்கும் அதன் இரும்பு உடம்புக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள்.